கூலி ஹக்கு, டிப்ஸ் இஹ்ஸான்: உழைப்பின் விலையும் மதிப்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே!

பள்ளிவாசல் இமாம்களிடம் மக்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி: "ஓட்டலில் சர்வருக்கு டிப்ஸ் கொடுக்கிறோமே, அது ஸதகாவா, ஹதியாவா, லஞ்சமா?" இரண்டாவது கேள்வி: "ஹஜ்ரத், பையனுக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்றில் சம்பளம் குறைவு, ஆனால் நாலு பேருக்குப் பயன்படும் வேலை. இன்னொன்றில் சம்பளம் இரண்டு மடங்கு. எதில் சேர்வது?"

பார்ப்பதற்கு இவை சம்பந்தமில்லாத கேள்விகள் போலத் தெரியும். ஆனால் இரண்டின் வேரும் ஒன்றுதான். ஒரு வேலைக்கு விலை என்று ஒன்று இருக்கிறது, மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. விலையை மனிதர்கள் பேசி முடிவு செய்கிறார்கள். மதிப்பை அல்லாஹ் முடிவு செய்கிறான். கூலி கொடுப்பவர் உழைப்பவரின் வியர்வையைப் பார்க்க வேண்டும். உழைப்பவர் அல்லாஹ்வைப் பார்க்க வேண்டும். இதுதான் மார்க்கம் காட்டும் ஒழுங்கு. இன்று நம்மிடம் இது தலைகீழாகிவிட்டது. உழைப்பவர் வாடிக்கையாளரின் கையைப் பார்க்கிறார். கொடுக்க வேண்டியவரோ, "அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். இன்றைய ஜும்ஆவில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் கூலி, பிறகுதான் டிப்ஸ்

உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இப்னு மாஜாவில் வரும் இந்த ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனப்பாடம். புகாரி ஷரீபில் இதைவிடக் கடுமையான ஒரு ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. கியாமத் நாளில் மூன்று பேருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறுகிறான். அந்த மூவரில் ஒருவன், ஆளை அமர்த்தி முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன்.

யோசித்துப் பாருங்கள். தொழிலாளிக்கு வக்கீல் வைக்க வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த நாளில் அவனுடைய வழக்கை எடுத்து நடத்துபவன் அல்லாஹ். எதிர்த்தரப்பில் நிற்க நம்மில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

ஆகவே கூலி என்பது ஹக்கு, உரிமை. டிப்ஸ் என்பது அந்த உரிமையைக் கொடுத்து முடித்த பிறகு, மனம் உவந்து செய்யும் இஹ்ஸான். ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு வர முடியாது. சில முதலாளிகள் ஆள் சேர்க்கும்போதே, "சம்பளம் கொஞ்சம்தான், மற்றதை டிப்ஸில் பார்த்துக்கொள்" என்கிறார்கள். இன்னும் சில இடங்களில் சம்பளமே இல்லை, டிப்ஸ்தான் சம்பளம். ஃபிக்ஹு நூல்களில் வேலை ஒப்பந்தத்துக்கு முதல் நிபந்தனையாகச் சொல்வது, கூலி எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே. யார் வருவார், எவ்வளவு கொடுப்பார் என்று தெரியாத ஒன்றைக் கூலியாகப் பேசினால் அந்த ஒப்பந்தம் ஃபாஸிதாகிவிடும். அப்போது அந்த வேலைக்கு ஊரில் வழக்கமாக என்ன கூலியோ, அதைக் கொடுக்கும் கடமை முதலாளியின் கழுத்தில் ஏறிவிடும். இதற்கு அஜ்ருல் மிஸ்ல் என்று பெயர்.

டிப்ஸ் கூலியின் இடத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மத்திய அரசின் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991ஆம் ஆண்டிலிருந்து அந்தத் தொகை உயரவே இல்லை. மற்ற ஊழியர்களுக்கு அது 7.25 டாலர். டிப்ஸ் சேர்ந்தும் இந்த அளவு வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாகவும் நிர்ணயித்திருக்கின்றன. ஆனாலும் அடிப்படை அதுதான்: முதலாளி கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதி, சாப்பிட வந்தவரின் மனநிலையை நம்பி விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் அங்கே டிப்ஸ் கொடுக்காமல் எழுந்து வருவது ஒருவரின் கூலியைப் பிடித்துக்கொண்டது போலப் பார்க்கப்படுகிறது. அந்த நாடுகளில் வாழும் நம் சகோதரர்கள் ஊர் வழக்கத்தை அறிந்து கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. சில ஓட்டல்களில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்துவிடுவார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. மனம் உவந்து கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் அதன் பெயரே மாறிவிடும் என்பது மார்க்கத்துக்கும் ஒத்த கருத்துதான்.

கூட்டிக் கொடுப்பது நபிவழி

ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அவர்கள் ஒரு துணி வியாபாரி. மக்காவில் அவர் வியாபாரம் செய்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் நடந்து வந்து அவரிடம் ஓர் ஆடையை விலை பேசி வாங்கினார்கள். அங்கே கூலிக்கு எடை போட்டுக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். விலையை நிறுக்கும்போது கொஞ்சம் கூட்டியே நிறுக்கும்படி அவரிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது பதிவாகியிருக்கிறது. விலை பேசி முடிந்துவிட்டது. கூட்டிக் கொடுக்க எந்தக் கடமையும் இல்லை. ஆனாலும் கூட்டச் சொன்னார்கள்.

ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். பயணத்தில் களைத்துப்போன அவருடைய ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். மதீனா வந்ததும் விலையைக் கொடுக்கும்படி பிலால் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அதோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கவும் சொன்னார்கள். பிலால் (ரலி) ஒரு கீராத் சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசியில் ஒட்டகத்தையும் ஜாபிருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது அடுத்து வருவது. அந்த ஒரு கீராத்தை ஜாபிர் (ரலி) செலவழிக்கவே இல்லை. அது அவருடைய பையை விட்டுப் பிரியாமல் இருந்தது என்று புகாரியில் வருகிறது. விலையாக வந்தது செலவாகிப் போயிருக்கும். மேலே வந்த அந்தச் சின்னத் துண்டு மட்டும் பத்திரமாக இருந்தது. ஏன்? விலை ஒட்டகத்துக்கு வந்தது. அது தனக்கு வந்தது.

இன்னொரு சம்பவம். அபூதைபா (ரலி) என்பவர் அடிமையாக இருந்தவர். நபி (ஸல்) அவர்களுக்கு ஹிஜாமா செய்தார். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கச் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. தினமும் இவ்வளவு சம்பாதித்துத் தர வேண்டும் என்று அவருடைய எஜமானர்கள் ஒரு தொகை விதித்திருந்தார்கள். அவர்களிடம் பேசி அந்தத் தொகையைக் குறைக்கவும் வைத்தார்கள். கூலியும் கொடுத்தார்கள், அவருடைய சுமை என்ன என்று விசாரித்து அதையும் இறக்கி வைத்தார்கள். பத்து ரூபாயைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோகிறோமே, அந்த சர்வரின் சுமை என்ன என்று ஒரு நாளாவது நமக்குக் கேட்கத் தோன்றியதுண்டா?

சமைத்துக் கொண்டு வருபவருக்கென்றே ஒரு ஹதீஸ் உண்டு. உங்கள் பணியாளர் உணவைக் கொண்டு வந்தால் அவரையும் உடன் அமர்த்துங்கள். முடியாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள்: அந்த உணவைத் தயாரிக்கும் சிரமத்தையும் அடுப்பின் சூட்டையும் அவர்தான் தாங்கினார். இதுவும் புகாரியில் இருக்கிறது.

அடுப்பின் சூடு என்ற அந்தக் காரணத்தை மனதில் வையுங்கள். நம் வலீமாக்களில் அதிகாலையிலிருந்து விறகடுப்பின் முன்னால் நிற்கிறாரே பண்டாரி, அவருடன் தேக்சா கழுவுகிறார்களே இரண்டு பையன்கள், எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவர்கள் சாப்பிட்டார்களா என்று யார் பார்க்கிறார்கள்? சில வீடுகளில் கடைசியில் பிரியாணி தீர்ந்துபோய், சமைத்தவருக்கே வெறும் குஸ்கா மிஞ்சுகிறது. பேசிய தொகையைக் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் இந்த ஹதீஸுக்குப் பதிலாகாது.

லஞ்சம் எங்கே தொடங்குகிறது?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கூட்டிக் கொடுப்பது எல்லா இடத்திலும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் பனூ ஸுலைம் கோத்திரத்தாரின் ஜகாத்தை வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி மக்களிடம் பேசினார்கள். அந்த மனிதர் தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். அபூஹுமைத் (ரலி) அறிவிக்கும் இந்தச் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

அன்பளிப்பா லஞ்சமா என்று உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. அந்த நாற்காலியில் அவர் இல்லாவிட்டால் இதைக் கொடுத்திருப்பீர்களா? பட்டா மாற்றிக் கொடுக்கும் மேசையில், பத்திரம் பதியும் இடத்தில், மின் இணைப்புக் கொடுக்க வந்தவரிடம், அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரிடம், "டீ செலவுக்கு" என்று நாம் நீட்டுவதற்கு டிப்ஸ் என்று பெயர் வைத்தால் அது டிப்ஸ் ஆகிவிடாது. கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். நாட்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் தமக்கு வந்த ஓர் அன்பளிப்பை மறுத்தபோது, நபியவர்கள் அன்பளிப்பை ஏற்றார்களே என்று கேட்கப்பட்டது. அன்று அது அன்பளிப்பாக இருந்தது, இன்று அது லஞ்சம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

தனியார் இடத்திலும் ஒரு கோடு உண்டு. சர்வரிடம் முன்கூட்டியே ஐம்பது ரூபாய் கொடுத்து, "பீஸ் ரெண்டு கூடுதலாப் போடு" என்று சொன்னால் என்ன அர்த்தம்? அந்த இறைச்சி சர்வருடையதா? முதலாளியின் பொருளை எடுத்து உங்கள் தட்டில் வைக்க அவருக்கு விலை கொடுத்தீர்கள். அவருடைய அமானிதத்தை ஐம்பது ரூபாய்க்கு வாங்கினீர்கள். அவ்வளவுதான்.

கொடுப்பவருக்கான ஒழுக்கங்கள்

கையில் கொடுங்கள். தூக்கிப் போடாதீர்கள். முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று சூரா பகராவின் 264ஆம் வசனம் தடுக்கிறது. இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் அதிகாரம் செய்பவர் அந்த இருபது ரூபாயையும் இழந்துவிட்டார்.

பெரிய இடத்தில் தாராளம், சிறிய இடத்தில் பேரம் என்று இருக்காதீர்கள். ஏசி ஓட்டலில் நூறு ரூபாயை வைத்துவிட்டு வருகிறோம். வாசலில் கீரைக் கூடையை இறக்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். முதலாவது நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக. இரண்டாவது இடத்தில் பார்ப்பவன் அல்லாஹ் மட்டும்தான்.

கண்ணில் படாதவர்களை நினையுங்கள். சர்வர் நம் முன்னால் நிற்கிறார். உள்ளே பாத்திரம் கழுவுபவரும், கழிவறையைச் சுத்தம் செய்யும் பெண்ணும் நம் முன்னால் வருவதில்லை. மழையில் நனைந்து சாப்பாடு கொண்டு வரும் தம்பியின் முகம் கதவு திறக்கும் பத்து விநாடிகள்தான் நமக்குத் தெரிகிறது.

வேலைக்குரிய கூலியை ஜகாத் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி ஏழையாக இருந்தால், தனியாக ஜகாத் கொடுக்கலாம். மாதச் சம்பளத்தையே ஜகாத் என்று நிய்யத் வைத்தால் ஜகாத் நிறைவேறாது. கடன் கடனாகவே நிற்கும்.

கொடுக்கக் கையில் இல்லையா? அதற்கும் வழி காட்டியிருக்கிறார்கள். நமக்கு நல்லது செய்தவருக்கு ஈடு செய்ய வேண்டும். ஈடு செய்ய ஒன்றும் இல்லாவிட்டால் அவருக்காக துஆச் செய்ய வேண்டும் என்று அபூதாவூதில் வருகிறது. "ஜஸாகல்லாஹு கைரன்" என்று சொன்னவர் நன்றியை நிறைவாகவே சொல்லிவிட்டார் என்பது திர்மிதியில் வரும் ஹதீஸின் கருத்து. முஸ்லிம் அல்லாத சகோதரராக இருந்தால், "ரொம்ப நன்றிங்க, நல்லா இருங்க" என்று மனதாரச் சொல்லுங்கள். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார்.

வாங்குபவருக்கான ஒழுக்கம்

சகோதரர்களே! இதுவரை கொடுப்பவரிடம் பேசினோம். இந்தச் சபையில் டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். டிரைவர்கள், ஓட்டலில் வேலை செய்பவர்கள், டெலிவரி தம்பிகள், வளைகுடாவில் உழைத்துவிட்டு விடுமுறையில் வந்திருப்பவர்கள். உங்களுக்கும் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் பொருள் கொடுப்பார்கள். என்னைவிடத் தேவையுள்ளவருக்குக் கொடுங்கள் என்று உமர் (ரலி) சொல்வார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள், நீ எதிர்பார்த்து நிற்காமல், கேட்காமல் இந்தச் செல்வத்திலிருந்து உனக்கு வந்தால் வாங்கிக்கொள். வராததன் பின்னால் மனதை அலைய விடாதே என்று அறிவுரை சொன்னார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

வாங்குவது இழிவு என்று மார்க்கம் சொல்லவில்லை. மனதை அலையவிடுவதைத்தான் தடுக்கிறது. கார் நிறுத்தியவரின் சட்டையைப் பார்த்து ஸலாமின் சத்தம் கூடுகிறது, சைக்கிளில் வந்தவரைக் கண்டால் முகம் திரும்பிக்கொள்கிறது என்றால், மனம் அலைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். டிப்ஸ் கொடுக்காதவருக்கும் அதே சூடான தோசை வர வேண்டும். ஏனென்றால் தோசைக்குக் கூலி சம்பளத்தில் வந்துவிட்டது. சம்பளம் வாங்கும் வேலையைச் சரியாகச் செய்வது அமானிதம்.

ஹகீம் இப்னு ஹிஜாம் (ரலி) அவர்களிடம், செல்வம் பசுமையானது, இனிப்பானது. பேராசையில்லாத மனதோடு எடுப்பவருக்குத்தான் அதில் பரக்கத் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோர் பைத்துல்மாலிலிருந்து அவருக்குரிய பங்கைக் கொடுக்க அழைத்தபோதும் மறுத்துவிட்டார். அந்த உயரத்துக்கு நம்மால் போக முடியாமல் இருக்கலாம். ஆனால் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

சம்பளம் பெரிதா, வேலை பெரிதா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

மூஸா (அலை) அவர்கள் மித்யனுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. பசி, களைப்பு, தெரியாத ஊர். கிணற்றடியில் ஆண்கள் கூட்டமாகத் தண்ணீர் இறைக்க, இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். தந்தை வயதானவர் என்றார்கள். மூஸா (அலை) அவர்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். பிறகு நிழலில் ஒதுங்கி, கேட்க வேண்டியதை அல்லாஹ்விடம் கேட்டார்கள். அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூரா கஸஸ் 23ஆம் வசனத்திலிருந்து இதைப் படியுங்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். தண்ணீர் புகட்டியதற்குக் கூலி கொடுக்கத் தந்தை அழைப்பதாகச் சொன்னாள். கவனியுங்கள்: செய்தவர் கேட்கவில்லை, பயன்பெற்றவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு பக்கமும் அழகாக இருக்கிறது. தஃப்ஸீர்களில் ஒரு செய்தி சொல்வார்கள். உணவு முன்னால் வைக்கப்பட்டதும், தண்ணீர் புகட்டிய நன்மைக்கு இது விலையாகிவிடுமோ என்று மூஸா (அலை) தயங்கினார்கள். விருந்தாளிக்கு உணவு கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம் என்று அந்தப் பெரியவர் சொன்ன பிறகே சாப்பிட்டார்கள். வாங்குபவரின் மானம் காக்கப்பட கொடுப்பவர் எப்படி வார்த்தை தேடுகிறார் பாருங்கள்.

பிறகு அங்கேயே வேலைக்கு அமர்ந்தார்கள். எட்டு ஆண்டுகள் என்பது ஒப்பந்தம். பத்து ஆண்டுகளாக்கினால் அது உங்கள் விருப்பம் என்றார் பெரியவர். எதை நிறைவேற்றினார்கள் என்று கேட்கப்பட்டபோது, கூடுதலானதையும் சிறந்ததையும்தான் என்று இப்னு அப்பாஸ் (ரலி) பதில் சொன்னார்கள். முதலாளி கூலிக்கு மேல் கொடுப்பது இஹ்ஸான் என்றால், தொழிலாளி ஒப்பந்தத்துக்கு மேல் உழைப்பதும் இஹ்ஸான்தான். மூஸா (அலை) அந்த இரண்டு ஆண்டுகளைத் தன் பக்கமிருந்து கூட்டிக் கொடுத்தார்கள்.

ஆடு மேய்ப்பது அன்றும் உயர்ந்த சம்பளம் தரும் வேலை இல்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்கு மேய்த்ததாகத் தாமே சொன்னார்கள். ஜகரிய்யா (அலை) தச்சராக இருந்தார்கள். தாவூத் (அலை) அரசராக இருந்தும் தன் கைத்தொழிலில் சாப்பிட்டார்கள். ஒருவர் உண்ணும் உணவில் தன் கையால் உழைத்ததைவிடச் சிறந்தது இல்லை என்பது நபிமொழி.

மதீனாவில் பள்ளிவாசலைப் பெருக்கிய ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். உம்மு மிஹ்ஜன் என்று சில அறிவிப்புகளில் வருகிறது. ஒருநாள் அவரைக் காணவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார், அடக்கிவிட்டோம் என்றார்கள். சாதாரண விஷயம் என்று நினைத்து அவர்கள் நபியிடம் சொல்லாமல் விட்டிருந்தார்கள். ஏன் எனக்கு அறிவிக்கவில்லை, கப்ரைக் காட்டுங்கள் என்று கேட்டு, அங்கே போய் ஜனாஸா தொழுதார்கள். பெருக்கும் வேலைக்கு ஊர் போட்ட மதிப்பு ஒன்று. அல்லாஹ்வின் தூதர் போட்ட மதிப்பு இன்னொன்று.

ஆகவே, "எந்த வேலையில் சேர்வது?" என்று கேட்பவருக்கு மார்க்கத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஹலாலா என்று பாருங்கள். வட்டியை உண்பவரோடு அதற்குக் கணக்கு எழுதுபவரும் சாட்சி நிற்பவரும் சேர்த்துச் சபிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வேலை எத்தனை மடங்கு சம்பளம் தந்தாலும் பேச்சுக்கே இடமில்லை. அடுத்து, குடும்பத்தின் அவசியத் தேவை நிறைவேறுமா என்று பாருங்கள். பிள்ளைகளுக்காகவும் வயதான பெற்றோருக்காகவும் உழைக்கப் போகிறவர் அல்லாஹ்வின் பாதையில் இருக்கிறார் என்று தப்ரானியில் ஹதீஸ் வருகிறது. வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கும்போது குறைந்த சம்பளத்தைப் பெருமையாக நினைப்பது தக்வா ஆகாது. அதிகச் சம்பளம் பாவமும் இல்லை. அவசியத் தேவை நிறைவேறிய பிறகுதான் மூன்றாவது கேள்வி: இந்த வேலையால் யாருக்கு என்ன பயன்? அல்லாஹ்விடம் இதை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

இந்த மூன்றாவது கேள்வியைத்தான் நாம் விட்டுவிட்டோம். நிக்காஹ் பேசும்போது முதலில் கேட்பது, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்? ஆம்புலன்ஸ் ஓட்டும் பையன், மக்தப் உஸ்தாது, சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், முதியோரைப் பராமரிக்கும் நர்ஸ் என்றால் பெண் வீட்டார் எழுந்துவிடுகிறார்கள். செல்வம் என்பது பொருட்களின் அளவில் இல்லை, மனதின் நிறைவில் இருக்கிறது என்ற ஹதீஸைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். சம்பந்தம் பேசும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறோம்.

புகழ்ச்சி கூலியாகாது

கடைசியாக, எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று.

"உங்கள் வேலை எவ்வளவு நன்மையானது!" என்று சொல்லிக் குறைந்த கூலி கொடுப்பது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் நடத்துபவர் ஆசிரியையிடம் சொல்கிறார். டிரஸ்ட் நடத்துபவர் ஊழியரிடம் சொல்கிறார். நம் ஜமாஅத்துகள் மோதினாரிடம் சொல்கின்றன. மய்யித்தைக் குளிப்பாட்டுபவரிடமும் கப்ர் வெட்டுபவரிடமும் சொல்கிறோம்.

பாங்குக்குக் கூலி வாங்காத முஅத்தினை நியமிக்கச் சொல்லும் ஹதீஸ் இருக்கிறது. உண்மை. அதன் அடிப்படையில் ஹனஃபி மத்ஹபின் முற்கால இமாம்கள் இமாமத், பாங்கு, குர்ஆன் கற்பித்தல் ஆகியவற்றுக்குக் கூலி வாங்குவதை அனுமதிக்கவில்லை. பிற்கால ஃபுகஹாக்கள் ஏன் அனுமதித்தார்கள்? முற்காலத்தில் இவர்களின் குடும்பங்களை பைத்துல்மால் தாங்கியது. அது நின்றுபோன பிறகு, இவர்கள் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போனால் தீனின் அடையாளங்களே பாழாகிவிடும் என்று பார்த்தார்கள். அதாவது, உழைப்பவரிடம் இக்லாஸைக் கேட்பதற்கு முன்னால், அவருடைய வீட்டில் அரிசி இருக்கிறதா என்று சமூகம் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களின் ஃபத்வாவுக்குள் இருக்கும் பாடம்.

வேலையின் மதிப்பைப் பற்றிய ஹதீஸ்கள் உழைப்பவரின் இதயத்துக்காகச் சொல்லப்பட்டவை. கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டது, வியர்வை உலரும் முன் கொடு என்பது. அவரவர் தனக்குரிய ஹதீஸை எடுத்துக்கொள்ளட்டும். அடுத்தவருக்குரிய ஹதீஸை எடுத்து அவர் மீது வீசாதீர்கள்.

இந்த வாரம் செய்வதற்கு மூன்று வேலைகள் சொல்கிறேன். உங்களிடம் வேலை செய்பவர் யாருக்காவது கூலி பாக்கி இருந்தால், இன்று அஸருக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு தினமும் சேவை செய்தும் இதுவரை பெயர் கேட்காத ஒருவரின் பெயரைக் கேளுங்கள். முடிந்ததைக் கூட்டிக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர்கள், உங்கள் மோதினார், கப்ரஸ்தான் ஊழியர் ஆகியோரின் சம்பளத்தை அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள். உலமாக்களுக்கும் பள்ளிவாசல், கப்ரஸ்தான் பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசின் நல வாரியம் இருக்கிறது. அவர்களின் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்துப் பதிவு செய்து கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக ஆக்குவாயாக! எங்களுக்காக உழைப்பவர்களின் ஹக்கை எங்கள் கழுத்தில் சுமந்துகொண்டு உன்னிடம் வரும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக! கொடுக்கும்போது பெருமையில்லாத கையையும், வாங்கும்போது பேராசையில்லாத மனதையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு உன்னிடம் மதிப்புள்ள வேலைகளையும், அதில் போதுமான பரக்கத்தையும் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.